நாலு விரல் போதுமா?



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை இந்தப் பக்கத்துக்கென்றே தனியாக எடுத்து வைத்தேன். எழுதியவர், சீனன்குடாவில் லொறிப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் லிகிதராக வேலை பார்க்கும் வாசகி. "நான் எந்த வகுப்புக்கும் போகாமல் நானாகவே தட்டச்சுப் பழகினவள். இரண்டு கையிலும் சேர்த்து நாலு விரல்தான் வேலை செய்யும். ஆனாலும் எங்கட ஒஃபிசில் நான்தான் கெதி. புதிதாக வந்த முகாமையாளர் பத்து விரலாலும், கீழே பார்க்காமல் அடிக்கப் பழகச் சொல்கிறார். முப்பத்தைந்து வயதில் திரும்பவும் அரிச்சுவடியில் இருந்து தொடங்க வேணுமா?" என்று கேட்டிருந்தார்.

இதே கேள்வியை வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கும் மகளை ரைப்பிங் வகுப்புக்கு அனுப்பலாமா என்று ஒரு தாய் கேட்டார். தன் பாடசாலைக் காலத்தை எழுத உட்கார்ந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், "மனம் ஓடுகிறது, விரல் ஓடவில்லை" என்று தொலைபேசியில் அலுத்துக்கொண்டார். ஆகவே பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சுருக்கமான பதில் இதுதான்: வேகத்துக்காக என்றால் வேண்டியதில்லை. கண்ணுக்காக என்றால் பழகுங்கள். தமிழில் எழுதுகிறவர் என்றால் இன்றைக்கே தொடங்குங்கள். இனி விளக்கம்.

நம் ஊரில் எழுத்து வேலைக்குக் குறைவில்லை. மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் எண்ணெய்த் தாங்கிகளுக்கும் வந்து போகிற ஒவ்வொரு லொறிக்கும் ஒரு சிட்டை, ஒரு கேற் பாஸ், ஒரு பற்றுச்சீட்டு உண்டு. கிராம அலுவலரின் கடிதம், பிரதேச செயலகத்துக்கான விண்ணப்பம், சங்கத்தின் கூட்டறிக்கை, கோயில் நோட்டீஸ், பள்ளிவாசல் அறிவித்தல் எல்லாம் எங்கோ ஒரு விசைப்பலகையில் அடிபட்டுத்தான் வருகின்றன. அவற்றை அடிக்கிற கைகளில் பெரும்பாலானவை தாமாகவே பழகியவை. கணினி வீட்டுக்கு வந்தது, தேவை வந்தது, விரல் தன் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கணினிக்கு முந்திய தலைமுறை அப்படிப் பழகவில்லை. பரீட்சை முடிந்த கையோடு பஸ் ஏறித் திருகோணமலைப் பட்டினத்துக்குப் போய் ரைப் வகுப்பில் சேர்ந்த அக்காமார் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள்: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. தமிழ்ப் பொறியில் அதே விசைகள் ய ள ன க ப க ஆகும். வலக்கைப் பக்கம் புள்ளி, ட, ம, த, கால், மறுபடி த. இந்த வரிசையைத் தாள் தாளாக அடித்துத் தள்ளினால்தான் அடுத்த பாடம். குனிந்து விசையைப் பார்த்தால் அடிமட்டம் விரலைத் தேடி வரும். தமிழ்நாட்டில் தட்டச்சுப் பயிலகங்கள் இன்னும் இந்த முறையில் நடக்கின்றன. அங்கே அரசுத் தேர்வில் ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் அடிக்க வேண்டும். அரசுத் தட்டச்சர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் தேவை.

வகுப்பில் பழகியவர் வேகமாகவும் தானாகப் பழகியவர் மெதுவாகவும் அடிப்பார் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முப்பது பேரை அழைத்து, விரல்களின் அசைவைக் கமராக்களால் பதிவு செய்து, எந்த விரல் எந்த விசைக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். முறைப்படி பழகியவர்களும் தாமாகப் பழகியவர்களும் சராசரியில் ஏறக்குறைய ஒரே வேகம். தாமாகப் பழகியவர்கள் சராசரியாக ஆறு விரல்களைத்தான் பாவித்தார்கள். ஒரு கைக்கு ஒன்றிரண்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு 70 சொல்லைத் தாண்டியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நம் வாசகியின் நாலு விரல் அங்கே தலை குனிந்திருக்காது.

அப்படியானால் வேகம் எங்கிருந்து வருகிறது? வேகமானவர்களிடம் மூன்று பழக்கங்கள் பொதுவாக இருந்தன. ஓர் எழுத்துக்கு எப்போதும் ஒரே விரலையே பாவித்தார்கள். இன்றைக்குச் சுட்டுவிரல், நாளைக்கு நடுவிரல் என்று மாற்றவில்லை. கையை அங்குமிங்கும் அலைய விடாமல் ஓரிடத்தில் ஊன்றி வைத்திருந்தார்கள். ஒரு விசையை அழுத்தும்போதே அடுத்த விசைக்கான விரல் தன் இடத்துக்குப் போய்க் காத்திருந்தது. நாலு விரலால் அடிப்பவருக்கும் இந்த மூன்றும் வரும். பத்து விரலை மேசையில் பரப்பி வைத்தும் இவை வராதவர்கள் உண்டு.

ஆனால் அதே ஆய்வில் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. தாமாகப் பழகியவர்களின் கண், மற்றவர்களின் கண்ணைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் விசைப்பலகையில் கிடந்தது. அமெரிக்காவின் வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலும் அதே ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. அங்கே விசைகளை மூடி மறைத்துவிட்டு அடிக்கச் சொன்னபோது, முறைப்படி பழகாதவர்களே அதிகம் தடுமாறினார்கள். அதாவது நாலு விரல்காரர் வேகத்தை வாங்கிவிட்டார், ஆனால் அதற்குக் கண்ணை அடகு வைத்திருக்கிறார்.

இந்த அடகுக்கு வட்டி எவ்வளவு என்று பார்க்க, கடிதம் எழுதிய வாசகியின் அனுமதியோடு அவர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பின்நேரம் உட்கார்ந்தேன். சாரதி கொண்டுவந்து கொடுத்த தாள், எண்ணெய்க் கை பட்டு ஓரம் கறுத்திருந்தது. வாகன இலக்கம், மூடை எண்ணிக்கை, இறக்க வேண்டிய ஊர், நேரம் என்று வரிசையாகக் கையெழுத்தில் இருந்தது. அவர் தாளைப் பார்த்தார். நாலைந்து எழுத்தை மனத்தில் எடுத்துக்கொண்டார். கண் விசைக்கு இறங்கியது, விரல்கள் படபடவென்று ஓடின. கண் திரைக்கு ஏறியது, சரிபார்த்தது, மறுபடி தாளுக்குத் திரும்பியது. தாளில் கந்தளாய் என்ற ஊர்ப்பெயர் இரண்டு வரியில் அடுத்தடுத்து இருந்தது. திரும்பி வந்த கண் கீழ் வரியில் இறங்கிவிட்டது. மேல் வரியின் இலக்கத்துக்கு நேரே கீழ் வரியின் மூடைக் கணக்கு ஏறியது. உடனே கண்டுபிடித்துவிட்டார், கெட்டிக்காரி. அழிக்கும் விசையை நாலைந்து தரம் தட்டி, விரலால் தாளின் வரியைப் பிடித்துக்கொண்டு மறுபடி அடித்தார். விரலில் குறையே இல்லை. தாள், விசை, திரை என்று மூன்று இடத்துக்குக் கண்ணைப் பங்கு போட்டதில்தான் நேரம் போனது.

சற்று நேரத்தில் கொழும்பு அலுவலகத்தில் இருந்து மின்னஞ்சல் ஒன்று வந்தது. அதற்குப் பதிலைத் தன் சொந்தச் சொல்லில் அடித்தபோது அவர் வேகம் அசத்தியது. பார்த்தெழுத அங்கே தாள் இல்லை. சொல் தலைக்குள் இருந்தது. கண்ணுக்கு இரண்டே இடம்.

ஆகவே அந்த வாசகிக்கு என் பதில்: நீங்கள் நாள் முழுக்கத் தாளைப் பார்த்து அடிக்கிறவர் என்றால் முகாமையாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சொந்தமாக எழுதுவதும் பதில் அனுப்புவதும்தான் வேலை என்றால், நாலு விரலை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். வெள்ளைமணல் கரையில் வலை பொத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கண் கடலில், பேச்சு பக்கத்து ஆளோடு, கை மட்டும் நூலில். கண் விடுபட்ட கைவேலையில் கிடைக்கிற சுகம் அதுதான், அதற்காகத்தான் பழக வேண்டும்.

பார்க்காமல் அடிக்கும் முறையின் புகழ் பரவிய கதையும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1888 ஜூலை 25ஆம் திகதி ஒரு போட்டி நடந்தது. ஒரு பக்கம் சோல்ட் லேக் சிட்டியில் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராக இருந்த ஃபிராங்க் மெக்கரின். மறுபக்கம் தட்டச்சு கற்பிப்பவரான லூயிஸ் ட்ராப். பந்தயம் 500 டொலர். ஒருவர் சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும், தாளைப் பார்த்தும் அடிக்க வேண்டும். மெக்கரின் ரெமிங்டன் பொறியின் விசைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். ட்ராப்பின் கலிகிராஃப் பொறியில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் தனித்தனி விசை. அவர் பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டியிருந்தது. மெக்கரின் தெளிவாக வென்றார், செய்தி பரவியது, வகுப்புகள் அந்த முறைக்கு மாறின.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. மெக்கரினுக்கு அந்த முறையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரும் தானாகவே பழகியவர். இன்று வகுப்பில் சட்டமாகச் சொல்லித் தருவது, ஒரு காலத்தில் ஒருவர் தனக்குத் தானே கண்டுபிடித்த வழிதான். ஆகவே 'தானாகப் பழகினவன்' என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் மெக்கரின் பெயரைச் சொல்லுங்கள்.

சரி, பழகத் தீர்மானித்தால் எவ்வளவு கஷ்டம்? உண்மையைச் சொல்ல வேண்டும். பழைய பழக்கத்தை அழித்து எழுதுவது, புதிதாக எழுதுவதைவிடச் சிரமம். ஏனென்றால் விசை எங்கே இருக்கிறது என்ற அறிவு நம் தலையில் இல்லை, விரலில் இருக்கிறது. வண்டர்பில்ட் ஆய்வாளர்கள் 2013இல் நூறு பேரிடம் வெறும் கட்டங்கள் வரைந்த விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொன்னார்கள். நிமிடத்துக்குச் சராசரி 72 சொல் அடிக்கிறவர்கள் அவர்கள். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் சராசரியாக 15ஐத்தான் சரியான இடத்தில் வைத்தார்கள். நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு யோசித்துப் பாருங்கள்: 'வி' என்ற ஆங்கில எழுத்துக்கு இடப்பக்கம் இருப்பது எது? விரலை மேசையில் தட்டிப் பார்க்காமல் பலருக்குப் பதில் வராது.

விரலில் ஊறியதைத் தலையால் மாற்ற முயலும்போது முதல் சில வாரங்கள் வேகம் விழும். பழைய வேகம் வரும்வரை பொறுமை வேண்டும். மாதக் கடைசியில் கணக்கு முடிக்க வேண்டிய அலுவலகத்தில் அந்தப் பொறுமைக்கு இடம் கிடைக்காது. அதனால்தான் பலர் தொடங்கி, இரண்டு கிழமை அடித்துப் பார்த்து, நாலு விரலுக்கே திரும்பிவிடுகிறார்கள். விரலில் ஊறியது லேசில் போகாது என்பதைப் பழைய தட்டச்சர்களிடமும் காணலாம். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் புள்ளி விசையை அழுத்தினால் வண்டி நகராது. புள்ளியை முதலில் அடித்து, அதே இடத்தில் எழுத்தை அடிக்க வேண்டும். கணினியில் எழுத்து முதலில், புள்ளி பிறகு. பொறியில் பல வருடம் அடித்தவர்கள் கணினிக்கு வந்தபோது, விரல் புள்ளியையே முதலில் தேடியது.

இங்கேதான் நம் விஷயம் ஆங்கிலக்காரரின் விஷயத்தில் இருந்து பிரிகிறது. மேலே சொன்ன ஆய்வுகள் தமிழ் விசைப்பலகையைப் பற்றியவை அல்ல. இதைப் படிக்கிற நீங்களோ ஆங்கிலத்திலும் அடிக்கிறீர்கள், தமிழிலும் அடிக்கிறீர்கள், திருகோணமலையில் சிலர் சிங்களத்திலும் அடிக்கிறீர்கள். ஆங்கிலத்தில் நாலு விரல் வழி உங்களுக்கு உறுதியாகிவிட்டது. தமிழில்? கையை நெஞ்சில் வைத்துச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் தமிழாக மாறுகிற வழிதான் பலருக்குத் தெரியும். அது தமிழ்த் தட்டச்சு என்று சொல்ல முடியாது, ஆங்கிலத் தட்டச்சின் மேல் போர்த்திய தமிழ்ச் சால்வை.

தமிழுக்கென்று விசைப்பலகை அமைக்க நம்மவர்கள் பட்ட பாடு சிறிதல்ல. அந்த வேலையில் முன்னோடி யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா. இளவயதில் மலாயா போய், சிங்கப்பூரில் வர்த்தக நிறுவனத்தில் வேலை பார்த்தபடியே தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தார். 247 எழுத்தைச் சில டசின் விசைக்குள் அடக்க வேண்டும். அதற்காகவே வண்டி நகராத விசையைத் தமிழுக்குப் பொருத்தினார். புள்ளியைத் தனியே அடிக்க முடிந்ததால் பதினெட்டு மெய்க்குத் தனித்தனி விசை தேவைப்படவில்லை. அந்தப் பொறியை ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமன் நிறுவனம் தயாரித்தது. பிஜோ என்ற பெயரில் அது வந்தது.

அந்த மரபின் பேரப்பிள்ளை, இலங்கையில் அச்சகம் முதல் பாடசாலை வரை எல்லாரும் அறிந்த பாமினி எழுத்துருவின் விசை முறை. நடுவரிசையில் அதே ய ள ன க ப, அதே த ம ட புள்ளி. பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, செமிகோலன். எங்கள் பத்திரிகைக்கு டைப்செற் செய்கிற தம்பியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார். ஐந்து அடியும் வலக்கையிலேயே விழுவதைக் கவனியுங்கள். 'அம்மா'வும் அப்படித்தான், முழுக்க வலக்கை. 'கொ' அடிக்க வேண்டும் என்றால் கொம்பு, க, கால் என்று எழுதுகிற வரிசையிலேயே அடிக்க வேண்டும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்ற இலக்கத்தில் தரப்படுத்திய ரங்கநாதன் விசைப்பலகையும் தட்டச்சுப் பொறியின் வழியில் வந்ததே.

மறுபக்கம் தமிழ்99. சென்னையில் 1999 பெப்ரவரியில் நடந்த தமிழ்இணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாட்டு அரசு அறிவித்த விசைப்பலகை இது. உயிரெழுத்து எல்லாம் இடக்கைப் பக்கம், மெய்யில் ஏறக்குறைய எல்லாம் வலக்கைப் பக்கம். நடுவரிசையில் இடக்கை விரல்களுக்கு அ, இ, உ, புள்ளி, எ. வலக்கைக்கு க, ப, ம, த, ந, ய. 'கொ' வேண்டும் என்றால் க அடித்து ஒ அடித்தால் போதும். பாமினி கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிக்கச் சொல்கிறது, தமிழ்99 காதுக்குக் கேட்கிற வரிசையில் அடிக்கச் சொல்கிறது. 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நாலே அடி. ஒரே மெய்யை இரண்டு தரம் அடித்தால் முதலாவதில் புள்ளி தானாக விழுந்துவிடும். ந்த, ங்க, ம்ப, ன்ற போன்ற கூட்டுகளுக்கும் அப்படியே.

ஆங்கில எழுத்தால் அடிக்கும் வழியில் அதே 'அம்மா'வுக்கு ஐந்து அடி. அதில் மூன்று, இடக்கைச் சுண்டுவிரல் போக வேண்டிய 'ஏ' விசையில் விழும். அகரம் இல்லாமல் தமிழில் ஒரு வரி நகராது. ஆகவே கையில் மிகப் பலவீனமான விரலுக்கு மிகப் பெரிய சுமை. போதாக்குறைக்கு ண, ள, ற வேண்டும் என்றால் பல மென்பொருள்களில் ஷிஃப்ட் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு வட்ஸ்அப் செய்திக்கு இது பெரிய விஷயம் இல்லை. அந்த ஓய்வுபெற்ற அதிபர் போல நூறு பக்கம் எழுதப் போகிறவருக்கு அரைப் பக்கத்திலேயே கை சோர்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

என் யோசனை இங்கிருந்துதான் வருகிறது. ஆங்கிலத்தில் தானாகப் பழகிய விரலை உடைத்துத் திருத்தப் போராட வேண்டாம். அது ஓடுகிறபடி ஓடட்டும். தமிழ் விசைப்பலகையை முதல் நாளில் இருந்தே பத்து விரலால், பார்க்காமல் பழகுங்கள். அங்கே அழிக்க வேண்டிய பழைய பழக்கம் இல்லை. இன்னொரு வசதியும் உண்டு. நம் கணினி விசைகளில் தமிழ் எழுத்து பொறித்திருப்பது அபூர்வம். கீழே பார்த்தாலும் கண்ணுக்கு உதவி கிடைக்காது. வகுப்பில் அடிமட்டம் செய்த வேலையை வெறும் விசையே செய்துவிடும்! நாலைந்து கிழமை தமிழில் பார்க்காமல் அடித்த விரல்கள், ஆங்கிலத்துக்கு வரும்போதும் தாமாகவே கொஞ்சம் ஒழுங்காகின்றன என்று எங்கள் அலுவலகத்தில் கண்டிருக்கிறேன்.

எந்த விசைப்பலகை என்று கேட்பீர்கள். அச்சகத்தில், டைப்செற்றிங் கடையில், தமிழ் ஆவணங்கள் அடிக்கும் அலுவலகத்தில் வேலை தேடுகிற பிள்ளை என்றால் பாமினி அல்லது ரங்கநாதன். வேலை கொடுப்பவர் அதைத்தான் கேட்பார். தனக்காக எழுதுகிறவர், புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் தமிழ்99. பாமினியில் பழகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பினால், எங்களுக்கு வந்து சேர்வது ஆங்கில எழுத்துக் குப்பைதான். பாமினி விசை முறையிலேயே அடித்து, யூனிகோட் தமிழாக வெளியே வரச் செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன. விரலை மாற்ற வேண்டியதில்லை, மென்பொருளை மாற்றினால் போதும்.

"இப்ப எல்லாம் ஃபோன்தானே, இனி யார் இதைப் படிப்பது?" என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆல்டோ ஆய்வாளர்களும் வேறு இரு பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 37,000 பேரிடம் கைத்தொலைபேசித் தட்டச்சைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு பெருவிரலால் அடிப்பவர்களின் சராசரி நிமிடத்துக்கு 38 சொல். பிள்ளைகளின் பெருவிரலைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டும். பேசினால் தானாக எழுதிக்கொள்ளும் வசதியும் தமிழுக்கு வந்துவிட்டது. செய்திக்கும் சின்னக் குறிப்புக்கும் அவை போதும். ஆனால் ஐந்து நிரல் அட்டவணையை வாயால் சொல்லி நிரப்பிப் பாருங்கள். நாலு பேர் இருக்கும் அலுவலகத்தில் ஓர் இரகசியக் கடிதத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எழுதி, அடித்து, திருத்தி, மறுபடி எழுதுகிற வேலைக்கு விசைப்பலகை இன்னும் தேவைப்படுகிறது.

பழகும் முறையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் விசைப்பலகையில் எஃப், ஜே இரண்டிலும் சிறு மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். இரு சுட்டுவிரலும் அங்கே ஊன்ற வேண்டும். பாமினியில் அவை க, த. தமிழ்99இல் புள்ளி, ப. மற்ற விரல்களை வரிசையாக அடுத்த விசைகளில் வையுங்கள். கை அலைந்து திரும்பும்போது அந்த மேடு வீட்டைக் காட்டும். நாளுக்கு இருபது நிமிடம் போதும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் அடித்து மறுநாள் விடுவதால் பயன் இல்லை. முதல் கிழமை நடுவரிசையை விட்டு வெளியே போகாதீர்கள். தமிழ்99 நடுவரிசையில் மட்டும் அகம், கதை, பகை, தபம் என்று தேடினால், 'கதை'க்கும் 'பகை'க்கும் மேல்வரிசை ஐகாரம் வேண்டும் என்று தெரியவரும். அப்படித் தேடுவதே ஒரு பயிற்சி. வேகத்தை எண்ணாதீர்கள், பிழையை எண்ணுங்கள். பிழை குறைந்தால் வேகம் பின்னால் வரும். கை மேலே ஒரு லேஞ்சியைப் போட்டு மறைத்துக்கொள்வது பழைய வகுப்புகளின் தந்திரம், இன்றும் வேலை செய்கிறது. அலுவலக வேலையைப் பழைய முறையிலேயே செய்துகொண்டு, புதிய முறையில் வீட்டில் உங்கள் நாட்குறிப்பை மட்டும் அடியுங்கள். அங்கே அவசரப்படுத்த யாரும் இல்லை.

உயர்தரம் எழுதிய மகளைப் பற்றிக் கேட்ட தாய்க்கும் பதில் இதில் இருக்கிறது. அனுப்புங்கள் அம்மா. ஆனால் சேர்க்க முன் ஒரு கேள்வி கேளுங்கள்: தமிழ் விசைப்பலகை சொல்லித் தருவீர்களா? மென்பொருள் பெயர்களை அடுக்கிச் சான்றிதழ் தருகிற இடங்கள் ஏராளம். பத்து விரலையும் தமிழில் ஓட வைக்கிற இடத்தைத் தேடிப் பிடியுங்கள்.

கடைசியாக, கணினி அறை இருக்கும் நம் பிரதேசப் பாடசாலைகளின் அதிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆறாம் தரத்துப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு பாடவேளையைத் தமிழ் விசைப்பலகைக்கு ஒதுக்குங்கள். இணைய வசதி வேண்டாம், புதிய இயந்திரம் வேண்டாம், உள்ள கணினியே போதும். பத்து வயதில் அவர்கள் விரல்களுக்கு எந்தப் பழக்கமும் இல்லை. ஒரு தவணையில் அவர்கள் பிடித்துக்கொள்வதைப் பிற்காலத்தில் எந்த வகுப்பிலும் காசு கொடுத்துப் படிக்கத் தேவையில்லை. சொல்லித்தர ஆள் இல்லை என்றால், அந்தக் காலத்து ரைப் வகுப்பில் படித்த அக்காமார், ஓய்வுபெற்ற தட்டச்சர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். உதவ விரும்புகிறவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். கேட்கிற பாடசாலையோடு உங்களை இணைத்துவிடும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். கையால் எழுதியே அனுப்புங்கள், பரவாயில்லை. இங்கே நாலு விரலோ பத்து விரலோ, அடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்